ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே

தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய தெருக்களிலும், அடையாற்றில் எல்.பி. சாலையிலும், மயிலாப்பூரில் லஸ் முனையைச் சுற்றியும் மாடிப் பலகைகளை நிமிர்ந்து பார்த்தபடி நடந்தால் மூன்று பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும்: ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ. வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் தங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க எழுதும் தேர்வுகள் இவை. மூன்றிலும் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டிய பகுதி உண்டு. ஆனால் திருத்தும் ஆள் மூன்றிலும் வேறு. ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்கு மனிதர் மதிப்பெண் போடுகிறார். பிடிஇ 2009இல் அறிமுகமானபோதே கணினி திருத்தும் தேர்வாகத்தான் வந்தது. டோஃபலில் பல ஆண்டுகளாக மனிதரும் மென்பொருளும் சேர்ந்து திருத்தி வந்திருக்கிறார்கள். ஆக, கோச்சிங் சென்டர் படியேறும் சென்னைப் பிள்ளை, தன் தாளைத் திருத்தப் போவது மனிதனா இயந்திரமா என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் எவருக்கும் வாய்க்காத சலுகை இது.

இந்தச் சலுகையைச் சுற்றி ஒரு வாய்வழிச் சாத்திரமே வளர்ந்திருக்கிறது. "பிடிஇ மெஷின்தானே, டெம்ப்ளேட் போட்டா போதும்" என்பார்கள். "ஐஇஎல்டிஎஸ்ல எக்ஸாமினர் மூடு சரியில்லைன்னா அவ்வளவுதான்" என்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கும் புலம்பல் இது: "லிசனிங் எட்டரை, ரீடிங் எட்டு, ரைட்டிங் மட்டும் ஆறரை!"

அந்த ஆறரையின் கனத்தைப் புரிந்துகொள்ள நர்ஸுகளைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ்ஸின் நான்கு பகுதிகளிலும் 9க்கு 7 கேட்டுக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும் என்று இறக்கியது. நவம்பரில் 6.5 வாங்கித் தோற்ற தமிழ்நாட்டு நர்ஸும், டிசம்பரில் அதே 6.5 வாங்கித் தேறிய நர்ஸும் ஒரே தரத்தில் எழுதியவர்கள்தான். நகர்ந்தது கோடு. கோட்டை எங்கே போடுவது என்பது நிர்வாகத்தின் முடிவு. அதில் அறிவியலுக்குப் பெரிய பங்கில்லை. அறிவியல் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே நர்ஸ், அதே கட்டுரை, வேறொரு எக்ஸாமினர் என்றால் அந்த அரைப் புள்ளி நின்ற இடத்தில் நிற்குமா?

ஒரே ஒரு தாளின் கதை இதற்கு விடையாகாது. சென்னை புரசைவாக்கத்தில் 1906இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்றார். மைசூரில் நடந்தது அது, தோற்றது ஆங்கிலத்தில். தேர்வுகளைக் கேலி செய்ய மேடைகளில் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. ஒரு மாணவர், ஒரு தாள், ஒரு முடிவு என்று மட்டும் கையில் இருந்தால், திருத்தியவர் பிசகினாரா, எழுதியவர் அன்று ஒழுங்காக எழுதவில்லையா என்று பிரித்தெடுக்க வழியே இல்லை. பிரிக்க வேண்டுமானால் ஒரே தாளைப் பலர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்து எண்களைக் கூர்ந்து ஆராய்ந்த முன்னோடி பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர். 1888இல் அவர் எடுத்துக்கொண்டது ஒரு லத்தீன் உரைநடைத் தாள். தேர்ந்த தேர்வாளர்கள் 28 பேர் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு 45இல் தொடங்கி 100 வரை வந்தது. வானியலாளர்கள் நட்சத்திரத்தின் இருப்பிடத்தை அளக்கும்போது நேரும் பிழைகளுக்கு எந்தக் கணிதத்தைப் பயன்படுத்தினார்களோ, அதே கணிதம் விடைத்தாளுக்கும் பொருந்தும் என்று எட்ஜ்வொர்த் வாதாடினார். இந்திய சிவில் சர்வீஸ் போன்ற போட்டித் தேர்வுகளில் கடைசி இடத்துக்கும் அதற்கு அடுத்து நழுவியவருக்கும் நடுவே குருட்டு அதிர்ஷ்டம் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டார். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் இருவரும் ஒரு பள்ளி மாணவரின் ஆங்கிலத் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 64இலிருந்து 98 வரை வந்தது.

இவர்களையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுபவர் பிலிப் ஹார்டாக். இந்தியக் கல்வி வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். நம் நாட்டுக் கல்வி நிலையை ஆராய்ந்து 1929இல் அறிக்கை தந்த ஹார்டாக் குழுவின் தலைவர். இங்கிலாந்து திரும்பியபின் ரோட்ஸ் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தினார். 1935இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு பகுதி இப்படி: பள்ளியிறுதி வரலாற்றுத் தாள்கள் பதினைந்து. முதலில் திருத்தப்பட்டபோது பதினைந்துமே ஒரே நடுத்தர மதிப்பெண் வாங்கியவை. அவற்றைப் பதினைந்து தேர்வாளர்களிடம் கொடுத்து, மதிப்பெண்ணும் போட்டு, தேறியதா, தவறியதா, சிறப்பா என்றும் தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம், பதினான்கு பேரிடம், மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 மாறிவிட்டன. இன்னொருவரோடு முரண்படவில்லை, தேர்வாளர் தன்னோடு தானே முரண்பட்டார்.

ஆசிரியர்களுக்கு இதில் வியப்பிருக்காது. கோடை வெயிலில், பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும் பொதுத்தேர்வு விடைத்தாள் முகாமில் உட்கார்ந்து திருத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பிரமாதமான தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். மோசமான நான்கு தாள்களுக்குப் பிறகு வருகிற சுமாரான தாள் பளிச்சென்று இருக்கும். முதல் பக்கத்தில் கவர்ந்துவிட்டால் நாலாம் பக்கப் பிழை கண்ணில் படாது. கையெழுத்து வேறு. கையெழுத்தைப் பற்றி ஒரு விசித்திரமான முடிவு உண்டு: 1994இல், டோஃபல் நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையைக் கையெழுத்திலும் தட்டச்சிலும் தந்து பார்த்தபோது, கையெழுத்துப் பிரதிக்குத்தான் சற்றுக் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. அச்சு எழுத்தில் பிழை பளிச்செனத் தெரிகிறது, கட்டுரையும் குட்டையாகத் தோன்றுகிறது என்பது ஒரு விளக்கம்.

இந்த முரண்பாடெல்லாம் அலட்சியத்தின் விளைவு என்றால், கண்டிப்பு காட்டித் தீர்த்துவிடலாம். 1961இல் பால் டீடரிக்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள். வாசிக்க 53 பேர்: ஆங்கில ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வணிக நிர்வாகிகள் உட்பட ஆறு துறைகளிலிருந்து. தரத்துக்கு ஏற்ப ஒன்பது அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். எதைத் தரம் என்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. 300இல் 101 கட்டுரைகள் ஒன்பது அடுக்கிலும் விழுந்தன. ஐந்துக்கும் குறைவான அடுக்குகளில் விழுந்த கட்டுரை ஒன்றுகூட இல்லை. பிறகு யார் யாரோடு ஒத்துப்போகிறார் என்று ஆராய்ந்தபோது ஐந்து கட்சிகள் தெரிந்தன. ஒரு கட்சி கருத்தைப் பார்த்தது. இன்னொன்று இலக்கணம், எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி. ஒன்று கட்டுக்கோப்பு. ஒன்று சொல்லாட்சி. ஒன்று எழுதியவரின் தனிக்குரல். ஒவ்வொருவரும் தன் அளவில் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். அளந்த பொருள்தான் வேறு வேறு.

இன்றைய மொழித் தேர்வுகளின் மதிப்பீட்டு அட்டவணை இந்தச் சிக்கலுக்கான மருந்துதான். ஐஇஎல்டிஎஸ் எக்ஸாமினர் கட்டுரையை நான்கு தலைப்பில் பார்க்கிறார்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, பத்திக்குப் பத்தி ஓட்டம் இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணத்தின் விரிவும் துல்லியமும் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 9 வரை எந்த எண் எப்போது என்ற விவரிப்பு வெளிப்படையாகவே கிடைக்கிறது. பயிற்சி, மாதிரித் தாள்கள், கண்காணிப்பு எல்லாம் உண்டு. இப்படிக் கட்டுப்படுத்தியதும் திருத்துபவர்களிடையே ஒற்றுமை நன்றாகக் கூடுகிறது. கூடவே ஓர் இழப்பும் நேர்கிறது: டீடரிக் கண்ட ஐந்தாம் கட்சி, தனிக்குரலைப் பார்த்த கட்சி, அட்டவணையில் இடம் பெறவில்லை. பார்ப்பதைக் குறைத்துக்கொண்டால் ஒத்துப்போவது எளிதாகிவிடுகிறது.

அப்படியும் சிதறல் முழுக்கப் போவதில்லை. இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்காணையமான ஆஃப்குவால் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மாணவருக்குக் கிடைத்த கிரேடு, மூத்த தேர்வாளர் தந்திருக்கக்கூடிய கிரேடாகவே இருப்பதற்கான வாய்ப்பு கணிதத்தில் 96 சதவீதம். ஆங்கில மொழியில் 61 சதவீதம்.

இங்கே திருத்துபவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. ஈடிஎஸ், 2007ஆம் ஆண்டு டோஃபல் தேர்வுகளை வைத்து ஒரு கணக்கை வெளியிட்டது. நம்பகத்தன்மையை 0 முதல் 1 வரையான அளவில் சொல்வது வழக்கம். 1 என்றால் தேர்வை எத்தனை முறை திரும்ப வைத்தாலும் மாணவர்களின் வரிசை மாறாது. வாசிப்புக்கும் கேட்டலுக்கும் 0.85 வந்தது. எழுத்துக்கு 0.74. வாசிப்பிலும் கேட்டலிலும் அப்போது டஜன் கணக்கில் கேள்விகள். ஒன்றில் சறுக்கினால் இன்னொன்றில் ஈடு கட்டலாம். எழுத்தில் மொத்தமே இரண்டு பணிகள். கிடைத்த தலைப்பு நமக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் யோகம். 'மாநகரங்களில் கார்களுக்குக் கட்டணம் விதிக்கலாமா' என்று வந்தால் உஸ்மான் சாலைவாசி பக்கம் பக்கமாக எழுதுவார்; 'அருங்காட்சியகங்களுக்கு அரசு பணம் செலவழிக்கலாமா' என்று வந்தால் எழும்பூரில் சின்ன வயதில் பார்த்த திமிங்கில எலும்புக்கூட்டைத் தாண்டி அவருக்குக் கையில் சரக்கு இருக்காது.

அதே அறிக்கை, அப்போது 30க்கு மதிப்பிட்ட எழுத்துப் பகுதியில் அளவைப் பிழை 2.76 என்றது. இதற்குப் பொருள்: 24 வாங்கியவரின் மெய்யான திறன் சுமார் 21க்கும் 27க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான் சொல்லலாம். ஒரு பல்கலைக்கழகம் 25 கேட்டால் இந்த 24 தோல்வி. ஸ்பியர்மனும் பிரவுனும் 1910இல் தனித்தனியே கண்டுபிடித்த ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு கட்டுரையின் நம்பகத்தன்மை 0.6 என்று வைத்துக்கொண்டால், அதே தரத்தில் இரண்டு கட்டுரை எழுதச் செய்தால் 0.75 ஆகும், நான்கு எழுதச் செய்தால் 0.86ஐ நெருங்கும். ஒரே கட்டுரையை நான்கு பேர் திருத்துவதைவிட நான்கு கட்டுரைகளை ஆளுக்கொன்றாகத் திருத்துவதில்தான் பொதுவாக லாபம் அதிகம். இது எல்லாத் தேர்வு நடத்துநர்களுக்கும் தெரியும். நாலு கட்டுரைக்கு மூன்று மணி நேரம் ஆகும், செலவும் கூடும் என்பதும் தெரியும்.

ஆகவே "ரைட்டிங் மட்டும் ஆறரை" என்ற புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியையும் சொல்லிவிடுவது நேர்மை: பெரும்பாலான நாடுகளில் ஐஇஎல்டிஎஸ் சராசரியில் எழுத்துப் பகுதிதான் கடைசியில் நிற்கிறது. கேட்டுப் புரிந்துகொள்வதைவிட எழுதுவது எல்லோருக்கும் கடினம். எக்ஸாமினர் மூடு அதற்குப் பொறுப்பாகாது.

இந்தச் சிதறலைக் கண்டு சலித்தவர்களுக்கு இயந்திரம் இயல்பான விடையாகத் தெரிந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் எல்லிஸ் பேஜ், 1966இல், கட்டுரைகளைக் கணினியே திருத்தும் காலம் வந்துவிட்டது என்று எழுதினார். கட்டுரைகளைத் துளை அட்டைகளில் குத்தி உள்ளே அனுப்ப வேண்டிய காலம் அது. கட்டுரையைக் கணினியால் புரிந்துகொள்ள முடியாது என்பது பேஜுக்கு நன்றாகத் தெரியும். அவர் செய்தது சாமர்த்தியமான ஒரு மாற்று. நல்ல கட்டுரைக்கு உள்ளே இருக்கும் குணங்களை அளக்க முடியாவிட்டால், அந்தக் குணங்களோடு கூடவே வழக்கமாக வரும் வெளி அடையாளங்களை எண்ணலாம்: கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகள். மனிதர்கள் திருத்திய சில நூறு கட்டுரைகளைக் கொடுத்து, எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை கொடுத்தால் மனிதர் போட்ட மதிப்பெண்ணுக்கு நெருக்கமாக வருகிறது என்று கணினியைக் கண்டுபிடிக்கச் செய்தார்.

மயிலாப்பூரில் புதிதாக ஒரு மெஸ்ஸைத் தேடிப் போகிறவர், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துச் சாப்பாட்டின் ருசியை ஊகிப்பதைப் போன்றது இது. பெரும்பாலும் பலிக்கும். செருப்பை எண்ணுகிறார்கள் என்பது மெஸ்காரருக்குத் தெரியும்வரை பலிக்கும். தெரிந்துவிட்டால் பழைய செருப்பை மூட்டையாக வாங்கி வாசலில் பரப்பிவிடலாம்.

1999 பிப்ரவரியில் ஈடிஎஸ்ஸின் ஈ-ரேட்டர் மென்பொருள், வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளை மனிதரோடு சேர்ந்து திருத்தத் தொடங்கியது. பேஜின் அட்டைகளோடு ஒப்பிட்டால் இது பல படி முன்னேறியது. வாக்கிய அமைப்பையும், இலக்கணப் பிழையையும், தலைப்பை ஒட்டிய சொற்கள் வருகின்றனவா என்பதையும் பார்க்கக்கூடியது. மனிதரும் இந்த மென்பொருளும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 'ஒத்துப்போகிறார்கள்' என்ற வகைச் செய்திகள் அப்போது வந்தன. அந்த எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆறு புள்ளி அளவில் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் ஒற்றுமை என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கற்பனையாக ஒரு நூறு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். 45க்கு மனிதர் 4 போட்டார், 25க்கு 3, 20க்கு 5, மிச்சம் பத்துக்கு 2 அல்லது 6. இப்போது ஒரு சோம்பேறி மென்பொருள் எழுதுவோம். அது கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காது. எல்லாவற்றுக்கும் 4 போடும். மனிதரோடு அதற்கு உள்ள ஒற்றுமை எவ்வளவு? நூற்றுக்குத் தொண்ணூறு! ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் 'கப்பா' என்ற அளவையை உருவாக்கியது இந்த ஏமாற்றைப் பிடிக்கத்தான். குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடிய ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அது பார்க்கும். நம் சோம்பேறிக்குக் கப்பா பூஜ்யம். 2012இல் ஹியூலெட் அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் பரிசுத்தொகையுடன் கட்டுரை திருத்தும் மென்பொருள்களுக்குப் போட்டி வைத்தபோது கப்பாவின் ஒரு வகையைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். மென்பொருள்கள் நன்றாகவே செய்தன. மனிதருக்கு இணை என்று தலைப்புச் செய்திகள் வந்தன. எட்டுத் தொகுப்புகளில் பல, கட்டுரையே அல்லாத சிறுவிடைகள், அங்கே நீளத்தை மட்டும் எண்ணினாலே பாதிக் கிணறு தாண்டலாம் என்று எம்ஐடியின் லெஸ் பெரல்மன் எதிர்வாதம் செய்தார்.

இந்தப் பெரல்மன் சுவாரசியமான மனிதர். 2014இல் மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்ற ஒரு விளையாட்டு நிரலை எழுதினார். அதற்கு மூன்று சொற்களைக் கொடுத்தால் போதும். நீள நீளமான, இலக்கணச் சுத்தமான, முழுக்க முழுக்க அர்த்தமற்ற கட்டுரையைத் தரும். மென்பொருள்கள் அவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் தந்தன. அவருக்கு முன்பே, 2001இல், ஈடிஎஸ் தானே ஆட்களை அழைத்து 'எங்கள் ஈ-ரேட்டரை முட்டாளாக்குங்கள்' என்று சவால் விட்டிருந்தது. ஒரு பேராசிரியர் சில பத்திகளை எழுதி அவற்றையே 37 முறை திரும்ப ஒட்டி அனுப்பினார். முழு மதிப்பெண். தன் பொருளின் ஓட்டையைத் தானே தேடிப் பதிப்பித்த அந்த நிறுவனத்தின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். விற்கிறவர்கள் பொதுவாக இப்படிச் செய்வதில்லை.

நம் கோச்சிங் சென்டர் டெம்ப்ளேட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 'இன்றைய காலகட்டத்தில் பரபரப்பாக விவாதிக்கப்படும் இந்தப் பொருளுக்கு இரு பக்கங்கள் உள்ளன' என்ற ரீதியில் பத்துப் பன்னிரண்டு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்து, நடுவே காலியிடத்தில் தலைப்பைச் செருகுவது. முன்னுரை, முடிவுரை, இடையில் கலர் பேனாவால் அடிக்கோடிட்ட மேற்கோள் என்று வளர்ந்த நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. மனித எக்ஸாமினர் மூன்றாவது தாளிலேயே இதே வாக்கியங்களை அடையாளம் கண்டுகொள்வார். எண்ணிப் பார்க்கும் இயந்திரம் கவலைப்படாது. பிடிஇ 2025 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டபோது சில வகை விடைகளின் உள்ளடக்கத்தை மனிதர்களும் பார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இயந்திரம் மட்டுமே திருத்தும் என்று பெயர் வாங்கிய தேர்வு, மனப்பாடத்தின் முன் மனிதரைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

ஏமாற்று வேலையை ஒதுக்கிவிடுவோம். நாணயமாக எழுதும் மாணவருக்கு எது மேல்? என் கருத்தில் இந்த விவகாரத்தின் மையம் இங்கே இருக்கிறது.

மனிதரின் பிழைகள் பல திசைகளில் சிதறுகின்றன. ஒருவர் கறார், இன்னொருவர் தாராளம். ஒருவருக்குக் கருத்து பெரிது, அடுத்தவருக்கு இலக்கணம். நாலு பேரிடம் கொடுத்துச் சராசரி எடுத்தால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். இயந்திரம் அப்படிச் சிதறுவதில்லை. இன்று கொடுத்தாலும் அடுத்த வருடம் கொடுத்தாலும் அதே கட்டுரைக்கு அதே எண். ஹார்டாக்கின் 92 தீர்ப்பு மாற்றங்கள் அதனிடம் பூஜ்யம். ஆனால் அது ஒரு வகைக் கட்டுரைக்கு அரைப் புள்ளி குறைத்துப் போடுமானால், அந்த வகையில் எழுதும் எல்லோருக்கும், எல்லா நாளும், எல்லா ஊரிலும் அரைப் புள்ளி குறையும். ஆயிரம் முறை திருத்தச் சொன்னாலும் சராசரி நகராது. புள்ளியியலில் முதலாவதைத் தற்செயல் பிழை என்றும் இரண்டாவதை முறைசார் பிழை என்றும் சொல்வார்கள். நம்பகத்தன்மை என்ற அளவு பிடிப்பது முதலாவதை மட்டும். இரண்டாவது இருக்கும் இடத்தில் அந்த அளவு சந்தோஷமாக 1ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இது வெறும் தர்க்கம் அல்ல. ஈடிஎஸ் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சீனாவிலிருந்து எழுதியவர்களுக்கு மனிதர் தந்ததைவிட ஈ-ரேட்டர் கணிசமாகக் கூடுதலாகத் தந்தது. கறுப்பின அமெரிக்கர்களுக்கு மனிதரைவிடக் குறைவாகத் தந்தது. அவர்களுடைய ஆய்வுகள் சிலவற்றில் அரபியும் இந்தியும் தாய்மொழியாகக் கொண்டவர்களும் குறைத்து மதிப்பிடப்பட்டவர்களின் பட்டியலில் இருந்தார்கள். சீனர் மீது அதற்குத் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. நீளமாக, அரிய சொற்களோடு எழுதினால் அது எண்ணும் அடையாளங்கள் கூடுகின்றன. அந்தச் சொற்கள் தலைப்புக்குப் பொருந்துகின்றனவா என்பதை மனிதர் பார்த்த அளவுக்கு அது பார்க்கவில்லை.

சென்னை ஆங்கிலத்துக்கு இதை நீட்டிப் பார்க்கலாம். 'எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்' என்பதை நாம் ஆங்கிலத்தில் நிகழ்காலத் தொடர்வினையில் சொல்லிவிடுவோம். பெயருக்கு முன் வரவேண்டிய 'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சின்னச் சின்னச் சொற்கள் தமிழில் இல்லாததால் விட்டுவிடுவோம், அல்லது தேவையில்லாத இடத்தில் ஒட்டிவிடுவோம். பொருள் கெடுவதில்லை. பொருளைப் பின்தொடர்ந்து போகும் வாசகர் இத்தகைய பிழையை ஒன்றிரண்டு முறை கண்டும் காணாமல் விடுவார். பிழையை எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட நிரல் ஒவ்வொன்றையும் எண்ணும். நேர்மாறாக, லண்டன்காரர் ஒருவர் 'லட்சம்', 'கோடி' என்ற நம் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கலாம். நம் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பெங்களூர் எக்ஸாமினருக்கு அது உறுத்தாது. மனிதருக்கும் சாய்வு உண்டு. ஆனால் வேறு வேறு மனிதருக்கு வேறு வேறு சாய்வு.

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வகை இயந்திரத் தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள்: 'இதை எழுதியது மனிதனா, செயற்கை நுண்ணறிவா' என்று சொல்லும் ஏழு கண்டறி மென்பொருள்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாக முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகள் கிட்டத்தட்டப் பத்திரமாகத் தப்பின. காரணம் எளிது. இந்த மென்பொருள்கள், அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பாராதது என்று பார்க்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் பத்திரமான, எல்லோரும் சொல்லும் சொல்லையே தேர்ந்தெடுக்கிறார். பிழையில்லாமல் எழுதப் பட்ட கஷ்டமே சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

இப்போது பெரிய மொழி மாதிரிகளிடமே கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அவை செருப்பை எண்ணும் கட்டத்தைத் தாண்டிவிட்டன. 37 முறை ஒட்டிய பத்தியை உடனே பிடித்துவிடும். ஆனால் இவற்றிடம் ஒரே கட்டுரையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு எண் வரக்கூடும், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் மூன்றாவது எண்ணும் வரும். பழைய இயந்திரத்திடம் இருந்த ஒரே பெருங்குணம், சொன்னதையே சொல்வது, இவற்றிடம் தானாக வருவதில்லை. முறைசார் சாய்வும் போகவில்லை. மனிதரின் குறையும் இயந்திரத்தின் குறையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கக் கூடும் என்பதால், அவற்றைக் கூடுதல் கவனத்தோடு அளக்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு பிடிக்காத மாணவருக்கு என்ன வழி? ஐஇஎல்டிஎஸ்ஸில் ஆறு வாரத்துக்குள் பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். மூத்த எக்ஸாமினர் பார்ப்பார், எண் மாறினால் பணம் திரும்ப வரும். இது பொருளுள்ள முறையீடு, ஏனென்றால் இரண்டாவது மனிதர் இரண்டாவது அளவை. இயந்திரம் மட்டும் போட்ட எண்ணுக்கு மறுமதிப்பீடு கேட்பதில் பொருளில்லை. அதே நிரல் அதே எண்ணைத்தான் தரும். அங்கே கேட்க வேண்டியது வேறொன்று: தமிழ், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்களின் கட்டுரைகளுக்கு மனிதர் போட்டதும் இயந்திரம் போட்டதும் சராசரியில் எவ்வளவு விலகுகின்றன? டோஃபல், மதிப்பெண் சராசரிகளைத் தாய்மொழி வாரியாக வெளியிட்டு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழுக்கும் ஒரு வரி உண்டு. மனித-இயந்திர விலகலை அதே போல மொழிவாரியாக ஆண்டுதோறும் அச்சிட்டால் போதும், பாண்டி பஜார் சாத்திரத்துக்குப் பாதி வேலை இல்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்தால் பிளஸ் டூ மாணவர் தன் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்க்கலாம். எந்தப் பக்கத்தில் எத்தனை மதிப்பெண் என்று தெரிந்துகொண்ட பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டப்படி பார்வையிட மாணவருக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் பொது அமைப்புகளைத்தான் கட்டும். பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவருக்கு, மனிதர் திருத்திய அவருடைய கட்டுரை திரும்பக் காட்டப்படுவதில்லை.